நான்காம் பக்கத்துச் சிவப்பு வட்டம்

குப்புராஜ் ஒரே நாளில் இரண்டு கவர்களை ஒட்டினான். இரண்டும் பழுப்பு நிறம். இரண்டையும் மாற்றி அனுப்பினான். இவ்வளவையும் யார் உதவியும் இல்லாமல் தனியாகவே செய்து முடித்தான்.

முதல் உலகப் போரைப் பற்றி அவன் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை, சேவூரில், புடவையின் வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை அடிக்கும் சசிகலாவிடம் போனது.

அவளுக்காகக் கிராப் தாளில் வரைந்திருந்த பட்டுப்புடவைக் கரை, அஞ்சல்வழிப் படிப்பு மையத்துக்குப் போனது.

தெரியவந்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. கரையை மறுபடி வரைந்து கொடுத்தான். கட்டுரையை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு ஆசைதான். யாராவது படிக்கட்டுமே.

நாற்பத்தொரு வயதில் பி.ஏ. வரலாறு சேர்ந்தவன் அவன். மதிப்பெண் வராவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தனக்கு எழுத வருமா, வராதா? அதை ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அனுப்பும் முன்பே மனைவி கலையரசியிடம் காட்டினான். “கையெழுத்து முத்து முத்தா கீதுங்க” என்றாள்.

மைத்துனன் பழனிக்குப் படம் பிடித்து அனுப்பினான். இரண்டே நொடியில் தூக்கிய கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. ஐந்து பக்கத்தை இரண்டு நொடியில் படிக்கிற மேதை தன் குடும்பத்தில் இருப்பது குப்புராஜுக்கு அதுவரை தெரியாது.

கட்டுரையைப் படித்தாயா என்று சசிகலாவிடம் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும், “வேல கெடக்குதுண்ணா.”

இன்று காலை மதிப்பெண் வந்தது. வண்டியை முறுக்கிக்கொண்டு நேராகச் சேவூருக்குப் போய், கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பாரும்மா, இருபதுக்குப் பதினேழு!”

“எதுக்குண்ணா?”

“நான் வரைஞ்ச கரைக்கு!”

சசிகலா சிரிக்கவில்லை. “அதுக்கா? திரும்ப வரைஞ்சி குடுத்ததுலயே நாலு கட்டம் தப்புண்ணா.”

சிரித்துக்கொண்டிருந்த குப்புராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. கவரைப் பிரிக்காமலே போட்ட பதினேழு அது.

“நீயாவது படிச்சியாம்மா?”

இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

அவள் அட்டைக் கட்டுக்கு அடியிலிருந்து கட்டுரையை உருவினாள்.

ஒரு கட்டம் தப்பினால் அந்தத் தப்பு புடவை நெடுக வரும். அதனால் எந்தத் தாள் வந்தாலும் சசிகலா கட்டம் கட்டமாகப் பார்ப்பாள். தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவாள்.

மன்னர்களும் ஒப்பந்தங்களும் நிறைந்த முதல் மூன்று பக்கங்களில், பக்கத்துக்கு ஒரு வட்டம். முழுப் பக்கத்தையும் சுற்றி.

நான்காம் பக்கத்தில் தன் அம்மா ஊர் ஏரிக்கரையில் இருக்கும் கல்வெட்டைப் பற்றி எழுதியிருந்தான். கல்லில் இருந்தது இவ்வளவுதான்: இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் பதினொருவர், திரும்பாதவர்கள் இருவர்.

அங்கே ஒரே ஒரு வட்டம், ‘இருவர்’ மேல்.

“ஏம்மா, கல்லுல அப்பிடித்தான் கீது. நானே போய்ப் படிச்சிப் பார்த்தேன்.”

“எண்ணிக்கை சரிதாண்ணா. மொத மூணு பக்கம் எங்கியோ பார்த்து எழுதினது, தேறாது. இதான் நீங்க எழுதினது. தேறும்.” பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். “ஆனா, அந்த ரெண்டு ஆளுக்கும் பேரு இல்லியா?”