சும்மா கிடக்கும் குழி

தாது அரைத்த சேற்றுநீர் போகிற குழாய் ஆலையில் வெடித்திருக்கிறது. சாம்பல்நிற நீர் சரிவில் இறங்கி, சிமெண்டுக் குழிக்குள் தொபதொபவென்று விழுகிறது. பம்ப்காரி இரண்டு கையாலும் வால்வை முறுக்குகிறாள். குழிக்குக் கீழே ஓடை. மாலை வெயிலில் ஸ்டோர்காரரின் மகள் அதில்தான் குடம் நிறைக்கிறாள். ஸ்டோர்காரர் குழியோரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலி இடத்தைக் கண்டால் கை அரிக்கிற வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை; இந்தக் குழியில் எண்ணெய் டிரம் அடுக்கக் கோடை முழுக்கப் பேரம் பேசியவர். “சும்மா கிடக்குறதுதான் அதோட வேலை, மாமா” என்று பம்ப்காரி ஒவ்வொரு தடவையும் விரட்டியிருக்கிறாள். வால்வு இறுகுகிறது. விழும் நீர் கயிறாகி, நூலாகி, சொட்டாகிறது. விளிம்புக்கு ஒரு சாண் கீழே நுரை மட்டும் மெல்லச் சுற்றுகிறது. “அப்பா, என்ன சத்தம்?” என்று ஓடையிலிருந்து குரல் வருகிறது. “ஒண்ணுமில்லம்மா, நீ தண்ணி புடி.” கழுத்துத் துண்டை உருவி, சேறு தெறித்து நிற்கும் பம்ப்காரியிடம் நீட்டுகிறார். “என் டிரம்மெல்லாம் இங்க இருந்திருந்தா?” “வழிஞ்சிருக்கும், மாமா.” அவள் முகத்தைத் துடைக்கிறாள். “இதை எப்பம்மா இறைச்சுக் காலி பண்ணுவே?” “ஏன், டிரம் அடுக்கவா?” “சேச்சே. சும்மா போட்டு வைக்கத்தான்.”