மணல் மூட்டை

போர் விமானத்தின் பின் இருக்கையில் மெக்கானிக்குகள் நாங்கள் மணல் மூட்டையை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தோம். சோதனை ஓட்டத்தில் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள்; எடைக்கு மூட்டைதான். போன மாதம் இதே வகை விமானம் வேகமெடுத்ததும் வால் உதறி, வயலில் விழுந்து எரிந்தது. ஓட்டிய டென்னிசனின் சவப்பெட்டிக்குக் கனம் போதவில்லை என்று அதிலும் மணல் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இன்று மந்திரி வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார். வாலை ஒருவரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமாகச் சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழங்களோடு, வாலுக்கு நேர் கீழே புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். செய்த மாற்றம் அவ்வளவுதான்.

"வாலு சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டார் விமானி உலகநாதன்.

"எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. போன தடவ ஓட்டுனவர் மேலதான் தப்பு. தைரியமா ஏறுங்க," என்றார் விமானத் தொழிற்சாலையின் டைரக்டர்.

உலகநாதன் ஏணியில் ஏறினார். முன் இருக்கையில் உட்காரவில்லை. பின் இருக்கையின் பட்டையை அவிழ்த்து, மூட்டையைத் தூக்கிக் கீழே எறிந்தார். அது டைரக்டரின் காலடியில் விழுந்து கிழிந்தது. பாலிஷ் போட்ட ஷூ மணலில் புதைந்தது.

"உங்க எடை சரியா இருக்கும் சார். வாங்க."

டைரக்டர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏணிய எடுய்யா!" என்று கத்தினார்.

நான் இரண்டு கைகளாலும் ஏணியை அழுத்திப் பிடித்தேன்.

"ஏறுங்க சார். ஆடாம நான் புடிச்சுக்கறேன்."