களத்து மாடுகளின் திருப்தி

களத்தில் இரண்டு காளைகள் ஒரே கயிற்றில் பிணைந்து, வட்டமாகச் சுற்றிக் கதிர் மிதித்துக்கொண்டிருந்தன. உள்பக்கம் கிழக்காளை, வெளிப்பக்கம் இளங்காளை. மைனா ஒன்று பறந்து வந்து, “வேலை பிடிச்சிருக்கா?” என்று இரண்டையும் விசாரித்தது.

“எனக்கென்ன குறை?” என்றது கிழக்காளை.

“உயிர் போகுது! பெரியவர் ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள வெளிப்பக்கம் நான் மூணு எட்டு ஓடணும்” என்றது இளங்காளை.

‘வயசானாத்தான் வேலையில திருப்தி வரும்’ என்று முடிவு கட்டிய மைனா, அதை மரத்துக்கு மரம் போய்ச் சொன்னது.

மறுநாள் மாடோட்டி காளைகளை இடம் மாற்றிக் கட்டினான். மைனா மறுபடியும் வந்து கேட்டது.

“சுகமான வேலை!” என்றது இளங்காளை. கிழக்காளைக்கு மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை.

மைனா அசரவில்லை. இளங்காளையை ஏற இறங்கப் பார்த்து, “அடப்பாவமே, ஒரே ராத்திரியில உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?” என்றது.