டாக்டர் மேஜையில் எட்டு மீட்டர்

"கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா டாக்டர்? நோயாளி வயித்துல இருந்ததை எடுத்து, ஊறுகாய் மாதிரி குப்பியில போட்டு மேஜை மேல வெச்சிருக்கீங்களே."

நிவா டாக்டர் சிரித்தார். குப்பிக்குள் வெள்ளை ரிப்பன் போலச் சுருண்டு கிடந்தது நாடாப்புழு.

மீன்கடை ஹத்சுயோ வந்த காரியத்தைச் சொல்லாமல் கால்மணி நேரமாக இதையேதான் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று காலை கழிப்பறையில் அவளுக்கும் இதே மாதிரி ஒரு முழம் வந்திருந்தது. மீதி உள்ளே. பச்சையாகவே தின்னும் சால்மன் மீனை விற்கிறவள் வயிற்றிலேயே புழு என்று தெரிந்தால், ருமோய் துறைமுகத்தில் அவள் கடைப்பக்கம் காக்காகூட வராது. அவளுடையதும் இப்படிக் குப்பியேறி உட்கார்ந்துவிட்டால்?

"குப்பியில ஒட்டின சீட்டுல பேர் இருக்கும்மா. படிச்சுப் பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'நிவா. எட்டு மீட்டர்.'

"உங்களோடதா?"

"ரெண்டு வருஷம் உள்ளே குடியிருந்துச்சு. வாடகையும் தரல, வலியும் தரல."

ஹத்சுயோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே விஷயமும் வந்துவிட்டது.

"எனக்கும் இருக்கு டாக்டர். பிழைப்பேனா?"

"நல்லா கேட்ட போ. ஒரு வேளை மாத்திரை, அப்புறம் பேதிக்கு மருந்து. தலையோட வந்துட்டா அதோட தீர்ந்துது. தலை தங்கிட்டா திரும்ப வளரும், வந்து சொல்லு. உன்கிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாது, மீன்லேர்ந்துதான் ஒட்டும். இனிமே சால்மனை நல்லா உறைய வெச்சுட்டு அப்புறம் வித்துக்கோ."

மறுநாளே தலையோடு வந்தது. ஹத்சுயோ அளந்துகூடப் பார்த்தாள். ஆறு மீட்டர்தான். டாக்டருடையதைவிடக் குறைச்சல் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மனக்குறை.

ஒரு வாரம் கழித்து, உறைய வைத்து அறுத்த சால்மனைத் தட்டில் அழகாக அடுக்கி, டாக்டர் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். டாக்டர் மனைவி வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு எனக்குத்தான் யோகம். அவருக்கு மீனே ஆகாதும்மா. சின்ன வயசுலேர்ந்து, ஒரு துண்டு வாயில பட்டாலும் உடம்பெல்லாம் தடிச்சிடும்."

"அப்போ அந்தக் குப்பியில இருக்கறது?"

"அதுவா? படிச்ச காலேஜ்ல கேட்டு வாங்கிட்டு வந்தார். வர்றவங்க வெட்கப்பட்டு, வாயைத் திறக்காமலே திரும்பிப் போறாங்கன்னு, தன் பேரை எழுதி ஒட்டி வெச்சிருக்கார்."