மெஷின் ஓடட்டும்

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில்மேல் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் ஒரே சீராக உறுமுகிறது. அம்மாவின் கழுத்தில் வைத்த விரலை எடுத்துவிட்டு, நர்ஸ் மகளைப் பார்த்து மெல்லத் தலையசைக்கிறாள். மகள் துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பக்கத்து நாற்காலியில் அப்பா வாயைப் பிளந்து தூங்குகிறார். பாதி ஆயுளைக் கப்பல் இன்ஜினோடும் மீதியைத் தொழிற்சாலை மெஷின்களோடும் கழித்தவர். கிரீஸ் கறுப்பு தங்கிப்போன அவர் விரல்கள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே தளர்ந்திருக்கின்றன. "இடி விழுந்தாலும் உங்கப்பா அசைய மாட்டாரு. ஓடுற சத்தம் நின்னுச்சோ, துள்ளி எழுந்துருவாரு" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்த காது அது. லீவில் வந்தால் வீட்டின் அமைதியில் தூக்கம் வராமல் புரளுவார். அவருக்காகவே, கடகடக்கும் பழைய ஃபேனை அம்மா குளிர்காலத்திலும் ஓடவிட்டு, போர்வைக்குள் சுருண்டுகொள்வாள்.

நர்ஸ் அம்மாவின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றித் தலையணையில் வைக்கிறாள். அவள் கை சுவிட்சுக்குப் போகிறது. "நிறுத்திடட்டுமாம்மா?" மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "வேணாம் சிஸ்டர். ஓடட்டும். சத்தம் நின்னா அப்பா முழிச்சுக்குவாரு." குழாயின் நுனியிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவின் காதோரத்து நரைமுடி ஒன்று அதில் அசைகிறது.