உள்ளங்கையில் கற்பூரம்

எரியும் கற்பூரத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

வைத்தவன் அவள் புருஷன் நல்லபெருமாள். கிணற்றடி அம்மன் கோயிலுக்கு அவன்தான் பூசாரி.

அந்த ஊர்க் கோயில்களில் அதுதான் வழக்கம். சாமி வந்தவள், கற்பூரம் அணையும்வரை கையை உதறாமல் நின்றால், அவள் வாயில் வருவது அம்மன் வாக்கு. அதை யாரும் மறிக்க முடியாது. உதறினால் நடிப்பு. அப்புறம் அவளை வீட்டுக்காரன் பார்த்துக்கொள்வான்.

அவள் உதறவில்லை.

தோல் பொசுங்கும் வாடை அவள் மூக்குக்கே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள்.

பந்தலில் வில்லுப்பாட்டுக்காரர் அம்மன் கதையைப் பாடிக்கொண்டிருந்தார். வேற்றுச் சாதிக்காரனோடு ஓடிப்போன பூலம்மை, அண்ணன் நல்லபெருமாள் அழைத்ததும் மனம் மாறித் திரும்பினாளாம். வீட்டுப் படியேற வெட்கப்பட்டுக் கிணற்றில் குதித்தாளாம். உடல் மிதக்கவே இல்லையாம். தண்ணீருக்குள் சோதியாகிவிட்டாளாம்.

ஊருக்கென்ன, கூட ஒரு சாமி கிடைத்தால் கசக்குமா?

படியேறத்தான் செய்தாள் பூலம்மை. அவளுக்குச் சோறு போட்டதே இவள்தான்.

"மைனி, இன்னுங் கொஞ்சம் கொழம்பு விடுங்க" என்று தட்டை நீட்டினாள். பின்னாலிருந்து முதல் வெட்டு விழுந்தது. கழுத்து தொங்கிய பிறகும் நல்லபெருமாள் வெட்டினான். குழம்புச் சட்டிவரை ரத்தம் தெறித்தது.

அந்த அரிவாளைத் துடைக்காமலே, தொட்டிலில் கிடந்த கடைக்குட்டியின் கழுத்தில் வைத்தான்.

"வாயத் தொறந்தே, குழியில இன்னும் எடம் கெடக்கு."

மூன்று வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு கொடைத் திருவிழாவிலும் காத்திருந்தாள். யார் மேலாவது பூலம்மை வந்து உள்ளதைச் சொல்லிவிடமாட்டாளா என்று. வந்த சாமியெல்லாம் சேலை கேட்டது, சேவல் கேட்டது, மழை பெய்யும் என்றது. செத்தவளுக்குக்கூட அவன்மேல் பயமா என்று ஆத்திரமாக வந்தது.

நேற்று மூத்த மகளின் புத்தகத்துக்குள் ஒரு பையனின் போட்டோ அகப்பட்டது.

நல்லபெருமாள் கத்தவில்லை. மகள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"கொடை முடியட்டும் தாயி. பொறவு பேசிக்கிடலாம்."

பூலம்மையையும் இப்படித்தான் பதமாகப் பேசி வரவழைத்தான்.

இன்றும் பூலம்மை வரவில்லை. அவள் வரமாட்டாள். அதனால் இவளே தலையை விரித்துப்போட்டு ஆடத் தொடங்கிவிட்டாள்.

கற்பூரம் அணைந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இனிப் பூசாரி கேட்டாக வேண்டும்.

"யாரு தாயி வந்திருக்கே?"

"பூலம்மைடா."

மேளம் நின்றது.

"நான் கெணத்துல இல்ல. ஒன் தொழுவத்துல கெடக்கேன். காளை கட்டுத எடத்தத் தோண்டச் சொல்லுடா."

நல்லபெருமாள் இன்னொரு கற்பூரக் கட்டியை எடுத்தான். முதலாவதைவிடப் பெரியது.

"இன்னொருக்க நீட்டு."

நீட்டினாள். வெந்த இடத்திலேயே வைத்தான்.

நாலைந்து பேர் மண்வெட்டியோடு தொழுவத்துப் பக்கம் நடந்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். தடுக்க வாயெடுத்தான். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது; அது அணையும்வரை அவனாலும் மறிக்க முடியாது. அவனே வைத்தது.

அவளால் தாங்க முடியவில்லை. கையை நீட்டியபடியே வாய்விட்டு அழுதாள்.

பூலம்மை அழுகிறாள் என்று ஊரே மண்ணில் விழுந்து கும்பிட்டது.

மகள் மட்டும் விழவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அம்மாவின் கையையே பார்த்தபடி நின்றாள்.