ஆயிரத்து நானூற்று நாற்பது கூலூம்

கழுவித் துடைத்துத்தான் கொடுத்தார்கள்.

சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல் தீப்பெட்டி அளவில், விளிம்பு மழுங்கிய ஓர் உலோக வில்லை. மேலே ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அங்குலக் கம்பி வெட்டுப்பட்டிருந்தது.

ஆறு வருடம் அவர் மனைவி தவமணியின் தோலுக்கு அடியில் இருந்தது. அவள் இதயம் மறந்துபோகிற ஒவ்வொரு துடிப்பையும் ஞாபகப்படுத்திய பேஸ்மேக்கர். உடம்போடு சேர்த்து எரித்தால் வெடிக்கும் என்று மயானத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்தே எடுத்தாயிற்று.

பெற்றுக்கொண்டதற்கு, டாக்டர் பாதி நிரப்பிய ஒரு படிவம். அதில் கையெழுத்துப் போடாமல், டப்பாவையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினார்.

வருடாவருடம் தவமணியைச் சோதித்த டெக்னீஷியன் ரெஜினா அங்கேதான் இருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து நின்றாள்.

இதை வேறு யாருக்காவது வைக்க முடியுமா என்று கேட்டார்.

ஏழைகளுக்கு இலவசமாகப் பொருத்துகிற அறக்கட்டளை ஒன்று இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். பேஸ்மேக்கரைச் சோதிக்கும் கருவியின் முனையை டப்பாவின்மேல் வைத்தாள்.

"பேட்டரில பாயிண்ட் நாலு ஆம்பியர்-ஹவர் மிச்சம் இருக்கு சார்."

ஆயிரத்து நானூற்று நாற்பது கூலூம்.

அவர் யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

தொலைபேசி நிலையத்தின் பேட்டரி அறையில் முப்பத்திரண்டு வருடம். ஆம்பியர்-மணியில்தான் அவர் வாழ்க்கை ஓடியது. மின்னூட்டத்தின் அலகான கூலூமை அவர் படிப்போடு விட்டிருந்தார். தவமணிக்காகத்தான் திரும்ப எடுத்தார்.

அவளுக்குக் கத்தியென்றால் பயம். பேட்டரி தீர்ந்தால் மறுபடி கிழிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எத்தனை வருடம் வரும் என்று அவரைத்தான் கேட்டாள்.

கம்பெனி கொடுத்த கையேட்டில் பேட்டரியின் கொள்ளளவு ஒரு ஆம்பியர்-மணி என்று இருந்தது. ஒரு துடிப்புக்கு ஆகும் செலவு மைக்ரோகூலூமில் இருந்தது. இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்தார். ஒரு ஆம்பியர்-மணி, மூவாயிரத்து அறுநூறு கூலூம். ஒரு துடிப்புக்குப் பத்து மைக்ரோகூலூம். வகுத்தால் முப்பத்தாறு கோடித் துடிப்பு.

பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"அப்ப எனக்கு எழுபத்திரெண்டு ஆயிரும். போதுங்க" என்றாள்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

ஒவ்வொரு வருடச் சோதனையிலும் அவர் கணக்கும் கருவியின் கணக்கும் ஒத்துப்போயின. பேட்டரி தீர்ந்துவிடும் என்பது ஒன்றுதான் இருவருக்கும் பயமாக இருந்தது.

கொசுவுக்கு யாரும் பயப்படவில்லை.

மூன்று நாள் டெங்குக் காய்ச்சல். ரத்தத் தட்டுகள் இறங்கின. இன்று விடிந்ததும் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தவமணியின் கை குளிர்ந்திருந்தது. ஆனால் திரையில் குச்சி குச்சியாகக் கோடுகள் எழுந்துகொண்டிருந்தன. ஒரே உயரம். ஒரே இடைவெளி.

துடிக்கிறதே என்று டாக்டரிடம் காட்டினார்.

"அது மெஷின் அடிக்கிறதுங்க" என்றார் டாக்டர். "அவங்க இல்ல."

ரெஜினா போனில் பேசி முடித்துவிட்டு வந்தாள். குறைந்தது ஐந்து வருடம் தாங்கினால்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

அவர் படிவத்தைத் திருப்பிப் போட்டார். பேனா கேட்டார்.

ஆயிரத்து நானூற்று நாற்பது கூலூம். பதினான்கு கோடியே நாற்பது லட்சம் துடிப்பு. நிமிடத்துக்கு எழுபது என்று வைத்தால் நாலு வருடம்கூட இல்லை.

"அறுபதா குறைச்சு வச்சா?"

அவளும் குனிந்து பார்த்தாள். அவரே வகுத்தார்.

நாலரை.

இன்னொரு முறை வகுத்தார். பின்னங்களை விடாமல், ஓரத்தில் சின்னதாக எழுதி எழுதி.

நாலரைதான்.

"பரவால்ல சார், விடுங்க" என்றாள்.

அவர் டப்பாவை மூடப் போனார். ரெஜினா தயங்கினாள்.

"சார், அது இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கு. நிறுத்திரவா?"

அவர் வில்லையைப் பார்த்தார். அசைவில்லை. சத்தமில்லை. இருந்தாலும் அவள் சொன்னது சரிதான். நிறுத்து என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

வெட்டுப்பட்ட கம்பியைப் பார்த்தார். சுற்று அறுந்துவிட்டது. இனி மின்னூட்டம் போய்ச்சேர இடமில்லை. செலவு பாதிக்குமேல் குறையும். அப்படியானால் நாலு வருடம் என்பது தப்பு. எட்டு வரலாம். பத்தும் வரலாம்.

அவருக்கு இப்போதே எழுபத்திரண்டு.

படிவத்தின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு வரியைத் தொடங்கினார். ஆயிரத்து நானூற்று நாற்பது என்று எழுதி, கீழே கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

கீழேயிருந்து மகன் கூப்பிட்டான். வண்டி வந்துவிட்டதாம்.

"நிறுத்திரும்மா."

அவள் திரையில் ஓரிடத்தைத் தொட்டாள். நிச்சயமாகத்தானா என்று கருவி ஒருமுறை கேட்டது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

தலையசைத்தார்.

தொட்டாள்.

கருவியின் முனையை டப்பாவிலிருந்து எடுத்தாள்.

"மணி என்னம்மா?"

"பதினொன்னு இருபது சார்."

படிவத்தைத் திருப்பினார். இறந்த நேரம் என்ற கட்டத்தில் டாக்டர் ஏற்கெனவே ஆறு பத்து என்று எழுதியிருந்தார்.

அவர் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் எழுதினார்.